கூழாங்கல் கரையில இலையுதிர்கால மீன்பிடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் பொறந்தா போதும், தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா போன் பண்ணி "இந்த வருஷம் நாங்களும் வர்றோம், என்ன வாங்கணும், எங்க போகணும்"னு ஆரம்பிச்சிடுவாங்க. ஒரே பதிலை பத்து பேருக்கு சொல்லி அலுத்துப்போய்தான் இதை உக்காந்து டைப் பண்றேன். இங்கிலாந்தோட தெக்கு கரையில, முக்கியமா டோர்செட்ல இருக்கிற செசில் பீச், கென்ட்ல இருக்கிற டஞ்சனஸ், இந்த ரெண்டையும் மனசுல வச்சு எழுதினது. படகு கிடையாது, கரையில நின்னு தூண்டில் போடுறது மட்டும்தான்.

ஏன் இலையுதிர் காலம்? வெயில் காலத்துல போனா ஆகாதா?

போலாம், ஆனா கூட்டமும் குளிக்கிறவங்களும் நாய்க்குட்டிங்களும் போக மிச்சம் இருக்கிற இடத்துலதான் தூண்டில் போடணும். அதைவிட பெரிய காரணம் தண்ணியோட சூடு. கடல் மெதுவா சூடாகி மெதுவாதான் ஆறும். ஜூலைலயே வெயில் உச்சத்துக்கு வந்துட்டாலும் இங்கிலீஷ் கால்வாய்த் (இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவுல இருக்கிற கடல்) தண்ணி ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்குலதான் 17, 18 டிகிரிய தொடும், அக்டோபர்ல நாம ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நடுங்கும்போதும் தண்ணி 15 டிகிரி கிட்ட இருக்கும். அதனால கோடையில வந்த மீன் இன்னும் கிளம்பல, குளிர்காலத்து மீன் வந்து சேர ஆரம்பிச்சிடுச்சு, ரெண்டும் ஒரே கரையில இருக்கிற சில வாரம் இதுதான். கோடை மீனான மேக்ரலும் குளிர்கால மீனான வைட்டிங்கும் ஒரே ராத்திரியில கிடைக்கிறதெல்லாம் அக்டோபர்ல மட்டும்தான் நான் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, சீக்கிரம் இருட்டுது. கரை மீன்பிடியில இருட்டுக்கு தனி மரியாதை உண்டு, பகல்ல ஆழத்துல கிடக்கிற மீன் இருட்டினதும் கரையோரம் வரும். ஜூன்ல இருட்டுக்காக ராத்திரி பத்து மணி வரைக்கும் காத்துக்கிடக்கணும், நவம்பர் நடுவுல நாலே கால் வாக்குல சூரியன் போயிடும், அஞ்சு மணிக்கெல்லாம் கும்மிருட்டு. ஒம்பது மணி வரைக்கும் நின்னுட்டு மறுநாள் வேலைக்கும் போயிடலாம்.

மணல் கரை இல்லாம கூழாங்கல் கரையை ஏன் தேடிப் போறீங்க?

சரிவுதான் காரணம். மணல் கரையில அலை ஏறி வந்த தண்ணி அப்படியே மேலாக்க திரும்பி ஓடும், போகும்போது மணலையும் இழுத்துக்கிட்டுப் போயி கரையை தட்டையாக்கிடும். கூழாங்கல்லுல அப்படி நடக்காது. ஏறி வந்த தண்ணியில பாதி கல்லு இடுக்குல உள்ள இறங்கிடும், திரும்பிப் போற தண்ணிக்கு பலம் கம்மி, மேல தூக்கிட்டு வந்த கல்லை அதால திரும்ப இழுக்க முடியாது. இப்படியே கல்லு மேல கல்லு சேந்து கரை கூரை மாதிரி சரிஞ்சு நிக்கும். தண்ணிக்குள்ளயும் அந்த சரிவு தொடரும், சில எட்டு வச்சாலே தலைக்கு மேல தண்ணி.

மீனுக்கு இது நல்ல வசதி. சரிவு முடிஞ்சு அடித்தரை தட்டையாகுற அந்த மடிப்புலதான் அலை புரட்டிப்போட்ட புழு, சின்ன நண்டு, செத்தது உடைஞ்சது எல்லாம் வந்து சேரும். மீனும் அங்கதான் மேயும். மணல் கரையில நூறு மீட்டர் தள்ளி கிடைக்கிற ஆழம் இங்க காலடியில கிடைக்குது.

இதே சரிவுதான் ஆளையும் இழுக்கும். அதுக்கு கீழ தனிக் கேள்வி இருக்கு, மத்ததை தாவினாலும் அதை தாவாதீங்க.

எவ்ளோ தூரம் வீசணும்?

நீங்க நினைக்கிறதுல பாதி, பல நாள் கால்வாசி.

என்னோட மொதல் அக்டோபர், செசில்ல அபட்ஸ்பெரி பக்கம். புது ராடு (தூண்டில் கம்பு), யூடியூப் பாத்து கத்துக்கிட்ட வீச்சு, உடம்புல இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி நூறு கஜம் போட்டுட்டு பெருமையா உக்காந்திருந்தேன். நாலு மணி நேரம் ஒண்ணும் இல்ல. இடது பக்கம் ஒரு பெரியவர், ராடை சாச்சு வைக்கிற பழைய மூணுகால் ஸ்டாண்டு, பக்கத்துல ஃபிளாஸ்க். அவர் வீசினதை வீச்சுன்னே சொல்ல முடியாது, கொல்லையில குப்பை கொட்டுற மாதிரி சும்மா முன்னாடி தூக்கிப் போட்டார், இருபது கஜம் இருந்தா அதிகம். அந்த மனுஷன் ரெண்டு சோல் (தட்டை மீன்), நாலஞ்சு வைட்டிங், எடுத்துக்கிட்டே இருந்தார். கடைசியில என் பக்கம் திரும்பி, நீ மீனை தாண்டிப் போட்டுக்கிட்டு இருக்கன்னு ஒரே வரி சொன்னார். அவ்வளவுதான், திரும்ப டீ குடிக்கப் போயிட்டார். சுருட்டி கிட்டக்க போட்டேன், அரை மணி நேரத்துல என் மொதல் சோல் வந்துது, உள்ளங்கையை விட கொஞ்சம் பெருசு, அளவு பத்தலன்னு விட்டுட்டேன்.

அதுல இருந்து என் பழக்கம் ரெண்டு தூண்டில். ஒண்ணு கிட்டக்க, ஒண்ணு அறுபது எழுபது கஜத்துல. எதுல மொதல்ல கடிக்குதோ ரெண்டாவதையும் அந்த தூரத்துக்கு கொண்டுவந்துடுவேன். கடல் தெளிஞ்சு பகல் வெளிச்சம் நல்லா இருந்தா தூரம் தேவைப்படும், இருட்டிலயும் கலங்கலிலயும் கிட்டக்கதான்.

செசிலா டஞ்சனஸா?

ரெண்டும் வேற வேற குணம். செசில் வெஸ்ட் பேல இருந்து போர்ட்லண்ட் வரைக்கும் சுமார் 18 மைல், ஒரே கோடா கல்லு. மேக்கு முனையில கல்லு பட்டாணி சைஸ், கிழக்க போகப் போக பெருசாகி போர்ட்லண்ட் கிட்ட உருளைக்கிழங்கு சைஸ் ஆயிடும். அந்தக் காலத்து கடத்தல்காரங்க ராத்திரியில கரை ஒதுங்கினா கல்லை கையில எடுத்துப் பாத்தே எந்த ஊர்னு கண்டுபிடிச்சிடுவாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. கடத்தலை விடுங்க, நடக்கிறதுக்கே இது முக்கியம். பட்டாணிக் கல்லுல கணுக்கால் வரைக்கும் புதையும், கால் மைல் நடக்கிறது ஒரு மைல் நடக்கிற மாதிரி. புதுசா போறவங்க வெஸ்ட் பெக்ஸிங்டன் போங்க, கார் நிறுத்துற இடம் கரைக்கு பின்னாடியே இருக்கு.

டஞ்சனஸ் கடலுக்குள்ள துருத்திக்கிட்டு நிக்கிற ஒரு மூக்கு. பின்னாடி அணுமின் நிலையம், முன்னாடி கப்பல், கரையில மரமே இல்ல, வேற ஏதோ கிரகத்துல நிக்கிற மாதிரி இருக்கும். பழைய கட்டுரைகள்ல "பாயில்"ங்கிற இடத்துல போடுங்க, மின் நிலையத்துல இருந்து வர்ற வெந்நிக்கு மீன் கூடும்னு எழுதியிருப்பாங்க. அதை நம்பி கிளம்பிடாதீங்க. அங்க ஏ நிலையம் 2006லயே நின்னாச்சு, பி நிலையம் 2018ல இருந்து மின்சாரம் எடுக்கல, 2021ல நிரந்தரமா மூடுறோம்னு அறிவிச்சுட்டாங்க. வெந்நி போன பிறகும் அந்த பேரு மட்டும் சுத்திக்கிட்டு இருக்கு. ஆனா ஆழம் எங்கயும் போகல, வைட்டிங்குக்கு டஞ்சனஸ் இன்னமும் நல்ல இடம்.

டைடு, அதாவது கடல் ஏறி வத்துறது, எப்படி பாக்கறது? எந்த நேரம் நல்லது?

தண்ணி ஏற ஆறு மணி நேரம் சொச்சம், வத்த ஆறு மணி நேரம் சொச்சம், அதனால ஒவ்வொரு நாளும் நேரம் கிட்டத்தட்ட அம்பது நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை பௌர்ணமிக்கு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு பெரிய ஏத்தம், அதை ஸ்பிரிங்னு சொல்வாங்க, அரை நிலாவை ஒட்டி சின்ன ஏத்தம், அது நீப். பகலும் ராத்திரியும் சமமா இருக்கிற செப்டம்பர் கடைசியை ஒட்டி வர்ற ஸ்பிரிங் வருஷத்துலயே பெரிய ஏத்தத்துல ஒண்ணு. வீட்டு காலண்டர்ல திதி போட்டிருந்தா அதையே பாத்துக்கலாம், நான் அப்படித்தான் லீவு போடுறேன், மேனேஜருக்கு காரணம் சொல்றதில்ல.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, பல பேருக்கு தெரியாது. ஸ்பிரிங் நாள்ல ஒரு ஊர்ல தண்ணி முழுசா ஏறுற நேரம் எப்பவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். செசில் பக்கம் ஸ்பிரிங் ஏத்தம் காலையும் சாயங்காலமும் ஆறு ஏழு மணி வாக்குல வரும், அக்டோபர்ல அது சரியா இருட்டுற நேரம். டஞ்சனஸ், டோவர் பக்கம் அதே நாள்ல உச்சி நேரத்தையும் நடு ராத்திரியையும் ஒட்டி வரும். அதனால சாயங்காலம் ஏத்தமும் இருட்டும் சேரணும்னா செசிலுக்கு ஸ்பிரிங்ல போகணும், டஞ்சனஸுக்கு நீப்ல போகணும். செசில்ல ஏத்தத்துக்கும் வத்துக்கும் வித்தியாசம் டஞ்சனஸை விட கம்மிதான், அங்க இருட்டுதான் பெரிய விஷயம். டஞ்சனஸ்ல ஆறு மீட்டர் கிட்ட ஏறி இறங்கும், இழுப்பும் ஜாஸ்தி, அங்க டைடு டேபிள் (ஏத்தம், வத்து நேரம் போட்ட பட்டியல்) இல்லாம போறது வீண்.

அப்புறம் இந்த டைடு டேபிள் நிறைய ஜிஎம்டில (இங்கிலாந்தோட குளிர்கால நேரத்துல) போட்டிருப்பாங்க. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறுற வரைக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கணும். இதை மறந்து ஒரு மணி நேரம் முன்னாடியே போய் குளிர்ல உக்காந்தது ஒரு தடவை இல்ல, மூணு தடவை.

காத்து எப்படி இருந்தா போகலாம்?

நம்ம மீனவர்கள் மேக்கால இருந்து வர்ற காத்தை கச்சான்னு சொல்வாங்க இல்லையா, செசிலுக்கு அந்த திசை காத்துதான் வில்லன். கரை தென்மேக்க பாத்து அட்லாண்டிக்குக்கு வாயைத் திறந்து நிக்குது, தென்மேக்குக் காத்து பலமா அடிச்சா அன்னிக்கு வீட்டுல இருங்க. அடிச்சு ஓஞ்ச மறுநாளோ அதுக்கடுத்த நாளோ, கடல் இறங்கி தண்ணி மட்டும் இன்னும் டீ கலர்ல இருக்கும் பாருங்க, அதுதான் சீ பாஸ் மீனுக்கு நேரம். வடக்கு, வடகிழக்குக் காத்து செசில்ல முதுகுக்குப் பின்னாடி இருந்து வரும், கடல் குளம் மாதிரி கிடக்கும், மேக்ரலுக்கும் கணவாய்க்கும் அது சரி. டஞ்சனஸ் மூக்கா இருக்கிறதால காத்துக்கு ஏத்த மாதிரி பக்கம் மாறி நிக்கலாம்.

ஆப்ல காத்தை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. காத்தே இல்லாத நாள்லயும் எங்கயோ தூரத்துல அடிச்ச புயலோட அலை நீள நீளமா வந்து சேரும். அலை உயரத்து பக்கத்துல செகண்டுன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி அது. அது பத்தைத் தாண்டி பன்னெண்டு பதினாலுன்னு இருந்தா உயரம் ஒரு மீட்டர்னு போட்டிருந்தாலும் செசில்ல நான் போகமாட்டேன்.

புயலுக்கு அப்புறம் இன்னொரு தொல்லை, பாசி. ஒவ்வொரு தடவை சுருட்டும்போதும் தூண்டில் நரம்பு முழுக்க வைக்கோல் போர் மாதிரி பாசி சுத்தி வந்தா அன்னிக்கு மூட்டை கட்டிடுங்க.

உண்மையிலேயே ஆபத்தா? சும்மா பயமுறுத்துறாங்களா?

உண்மை. செசில்ல ஆள் போயிருக்கு, ஒண்ணு ரெண்டு இல்ல. அந்த வளைகுடாவுக்கே டெட்மேன்ஸ் பேன்னு ஒரு பேரு இருக்கு.

எப்படி நடக்குதுன்னா, அலை வந்து முழங்காலுக்கு அடிக்கும்போது ஒண்ணும் தெரியாது. திரும்பிப் போகும்போதுதான் காலுக்கு அடியில இருக்கிற கல்லு உருள ஆரம்பிக்கும். சாதாரண நாள்ல திரும்பிப் போற தண்ணிக்கு பலம் கம்மின்னு மேல சொன்னேன், ஆனா பெரிய அலை ஒண்ணு பின்னாடி ஒண்ணு வந்தா கல்லு இடுக்கெல்லாம் ஏற்கனவே தண்ணி நிரம்பி கிடக்கும், உள்ள இறங்க வழி இல்லாம மொத்தமும் சரிவுல திரும்ப ஓடும். நிக்கிற தரையே நகருது. ஒரு வாட்டி நான் மீனை எடுக்க ரெண்டு எட்டு கீழ இறங்கினேன், அலை கணுக்காலுக்குத்தான் வந்துது, திரும்பும்போது கல்லு சரிஞ்சு சக்குனு உக்காந்துட்டேன், உக்காந்த வாக்குலயே ஒரு கஜம் சறுக்கினேன். அடுத்த அலை சின்னதா வந்துது, அதனால தப்பிச்சேன். மீனும் போச்சு, ஒரு பூட்ஸும் போச்சு. வீட்டுல இன்னும் சொல்லல.

அதுல இருந்து போனதும் சாமானை மேட்டு மேல வச்சிட்டு பத்து நிமிஷம் சும்மா நின்னு கடலைப் பாப்பேன். எந்த அலை அதிகமா ஏறுதோ, ஈரம் எதுவரைக்கும் இருக்கோ, அந்தக் கோட்டுக்கு மேலதான் ஸ்டாண்டு. நெஞ்சு வரைக்கும் போடுற வேடர் (தண்ணி புகாத கால்சட்டை) இங்க வேண்டவே வேண்டாம், உள்ள தண்ணி புகுந்தா எழுந்திரிக்கிறதே பாடு, கணுக்காலைப் பிடிக்கிற பூட்ஸ் போதும். மிதவை ஜாக்கெட் போடுங்க, குளிருக்கும் ஆகும். தனியா போகாதீங்க. போனா எந்த கரை, எத்தனை மணிக்கு திரும்புவேன்னு வீட்டுல சொல்லிட்டுப் போங்க.

யாராவது உள்ள போயிட்டா பின்னாடியே குதிக்கக் கூடாது, ரெண்டு பேரா போயிடுவீங்க. 999 அடிச்சு கோஸ்ட்கார்டுன்னு (கடலோர மீட்புப் படை) கேளுங்க, மிதக்கிற எதையாவது தூக்கிப் போடுங்க, கண்ணை அவங்க மேலயே வச்சுக்கோங்க. நீங்களே விழுந்துட்டா நீந்தப் பாக்காதீங்க, தலையை பின்னாடி சாச்சு மல்லாந்து மிதந்து மூச்சை நிதானத்துக்கு கொண்டுவாங்க, குளிர்ந்த தண்ணியில மொதல்ல ஆளைக் கவுக்கிறது மூச்சு திணறல்தான்.

லைசென்ஸ் வேணுமா?

இங்கிலாந்துல கரையில நின்னு கடல் மீன் பிடிக்க ராடு லைசென்ஸ் தேவையில்ல. ஆறு, ஏரி, சால்மன், சீ ட்ரௌட் இதுக்கெல்லாம்தான் வேணும்.

என்ன ராடு, என்ன ரீல்?

பீச்காஸ்டர்னு கேட்டு வாங்குங்க, 12 இல்லன்னா 13 அடி, நாலுல இருந்து ஆறு அவுன்ஸ் ஈயம் தாங்குறது. ரீல் ஃபிக்ஸ்டு ஸ்பூல் பெரிய சைஸ். மல்டிப்ளையர்னு உருளையே சுழலுற ரீல் ஒண்ணு இருக்கு, பாக்க அழகா இருக்கும், ஆனா மொதல் வருஷம் சிக்கெடுக்கிறதுலயே போயிடும். ரெண்டும் சேந்த செட்டு நூறு பவுண்டுக்குள்ளயே கிடைக்கும், அதுக்கு மேல கொட்டாதீங்க, கல்லு எல்லாத்தையும் தேய்ச்சிடும். ரீலை கல்லு மேல மட்டும் படுக்க வைக்காதீங்க, உள்ள பொடி போச்சுன்னா அரைக்கிற சத்தம் கேக்க ஆரம்பிக்கும்.

ஸ்டாண்டு மூணுகால்தான். மணல்ல குத்துற ஒத்தைக் கம்பி இங்க நிக்காது. நடுவுல ஒரு பையைக் கட்டி அங்கயே கிடக்கிற கல்லை அள்ளிப் போட்டு தொங்கவிட்டா காத்துக்கு சாயாது.

நரம்பு 15 பவுண்டு பலம் உள்ளது. அதுக்கு முன்னாடி ஷாக் லீடர்னு தடிமனான நரம்பு கட்டணும், கணக்கு ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு பலம், அஞ்சு அவுன்ஸுக்கு 50, நான் 60 கட்டுவேன். இதுல சோம்பேறித்தனம் கூடவே கூடாது. ஒரு நாள் இருட்டிடுச்சே, கட்டினது அறுந்துடுச்சே, இன்னும் ரெண்டு வீச்சுதானேன்னு லீடர் இல்லாம வீசினேன். பட்டுனு ஒரு சத்தம். நரம்பு ஆள்காட்டி விரலை கிழிச்சிட்டு போச்சு, ஈயம் எங்க போச்சுன்னே தெரியல, கடல் பக்கமா போச்சுங்கிறது என் அதிர்ஷ்டம். நூத்தி நாப்பது கிராம் ஈயம் அந்த வேகத்துல பக்கத்துல நிக்கிறவர் தலையில பட்டிருந்தா நான் இதை டைப் பண்ணிக்கிட்டு இருக்கமாட்டேன்.

நாலஞ்சு வீச்சுக்கு ஒருக்கா கடைசி சில மீட்டரை விரலால தடவிப் பாருங்க. கல்லுல உரசி சொரசொரன்னு இருந்தா வெட்டிட்டு புதுசா கட்டுங்க.

இரை என்ன?

ஏதாவது ஒண்ணே ஒண்ணு சொல்லுன்னு கேட்டா லக்வார்ம், மணல்ல வளை தோண்டி இருக்கிற கடல் புழு. கூழாங்கல் கரையில தோண்டி எடுக்க முடியாது, கடையில மொதநாளே சொல்லி வச்சு வாங்குங்க, வார கடைசியில நேரா போய் நின்னா காலி டப்பாதான். செய்தித்தாள்ல சுத்தி குளிர்ச்சியான இடத்துல வைங்க, தண்ணியில போட்டு வைக்காதீங்க. ராக்வார்ம் இன்னொரு வகை, அதுக்கு வாயில ரெண்டு கொடுக்கு உண்டு, தலைப்பக்கம் விரலை வச்சா கடிக்கும்.

வைட்டிங்குக்கு மேக்ரலை கிழிச்சு விரல் நீள துண்டு போதும், லக்வார்ம் முனையில ஒரு துண்டு மேக்ரல் சேத்தா இன்னும் நல்லது. கணவாய் துண்டு கெட்டியா நிக்கும், வீச்சுல பிஞ்சு போகாது. எதை மாட்டினாலும் மெல்லிசான எலாஸ்டிக் நூலால நாலு சுத்து சுத்துங்க. இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா மாத்திடுங்க. வெளுத்துப்போன புழுவுல வாசனை இருக்காது, மீன் வாசனையைத்தான் தேடி வருது.

தூண்டில் முள்ளு அளவு, வைட்டிங்குக்கு ஒண்ணு இல்லன்னா ரெண்டு நம்பர், சீ பாஸ் மாதிரி பெருசுக்கு அதைவிட பெரிய 3/0. ரொம்ப சின்ன முள்ளு போட்டா வைட்டிங் தொண்டைக்குள்ள முழுங்கிடும், சின்ன மீனை உயிரோட விட முடியாம போயிடும்.

கடிக்குதுன்னு எப்படி தெரியும்? அலை ஆட்டுறதும் மீன் ஆட்டுறதும் ஒரே மாதிரி இருக்கே.

மொதல் நாள் எல்லாருக்கும் அப்படித்தான். அலை ஆட்டுறதுக்கு ஒரு தாளம் இருக்கும், ராடு நுனி மெதுவா குனிஞ்சு மெதுவா நிமிரும். வைட்டிங் தட்டுறது தட்தட்தட்டுனு கதவை தட்டுற மாதிரி. சோல் கடிச்சா ஒண்ணுமே தெரியாது, ஏதோ காத்து மாதிரி நுனி லேசா நடுங்கும். பெரிய மீன் வந்தா பல நேரம் ராடு குனியாது, நரம்பு திடீர்னு தொளதொளன்னு ஆயிடும், மீன் இரையைத் தூக்கிக்கிட்டு ஈயத்தையும் பேத்துக்கிட்டு நம்ம பக்கமா வருதுன்னு அர்த்தம். அப்ப வேகமா சுருட்டணும்.

நுனியில ஒரு ஒளிர் குச்சி ஒட்டிக்கோங்க, இருட்டுல அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். ஹெட்லைட்டை கடல் மேல அடிக்காதீங்க, கிட்டக்க இருக்கிற மீன் ஓடிடும், பக்கத்துல இருக்கிறவரும் திட்டுவார்.

மீனை கரையேத்தும்போது அறுந்து போகுதே?

திரும்பிப் போற அலையோட மல்லுக்கட்டுறீங்க, அதான். மீன் கரையோரம் வந்ததும் நிறுத்துங்க. அலை பின்வாங்கும்போது சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, வேணும்னா நரம்பு கொஞ்சம் விடுங்க. அடுத்த அலை ஏறி வரும்போது அதோடயே பின்னாடி நடங்க, மேட்டைப் பாத்து. அலையே மீனைத் தூக்கி கல்லு மேல வச்சிட்டுப் போயிடும். கீழ இறங்கி கையால எடுக்கணும்னு தோணும், என் பூட்ஸை நினைச்சுக்கோங்க.

என்னென்ன மீன் கிடைக்கும்? தமிழ்ல என்ன சொல்றது?

அப்படியே ஒண்ணுக்கொண்ணு பேரு வைக்க முடியாது, பாதிக்கு மேல நம்ம பக்கம் இல்லாத மீன். மேக்ரல் நம்ம கானாங்கெளுத்திக்கு சொந்தக்காரன், ஆனா எண்ணெய் ஜாஸ்தி, முதுகுல வரி வரியா இருக்கும். கார்ஃபிஷ் முரல் மாதிரி நீள மூக்கு, எலும்பு பச்சை கலர்ல இருக்கும், விஷமோன்னு தூக்கி எறியாதீங்க, அது அப்படித்தான். சோல் நாக்கு மீன் ஜாதி, ரே நம்ம திருக்கை, காங்கர் விலாங்கு மாதிரி பெருசு. வைட்டிங், பவுட்டிங் ரெண்டுக்கும் நம்மகிட்ட பேரு இல்ல. சீ பாஸை கொடுவான்னு சொல்றவங்க இருக்காங்க, சுவை கிட்டக்க வரும், ஆனா வேற குடும்பம்.

நவம்பர் வந்துட்டா வைட்டிங்தான் ராஜா, சில ராத்திரி வீச்சுக்கு ரெண்டா வரும், போதும்டா சாமின்னு ஆயிடும். காட் மீன் கிடைக்குமான்னு எல்லாரும் கேப்பாங்க. டஞ்சனஸ் ஒரு காலத்துல காட் மீனுக்கே பேர் போன இடம், இப்ப தெக்கு கரையில அபூர்வம். அதை மட்டும் நம்பி பெட்ரோல் போடாதீங்க.

வீவர்னு ஒரு சின்ன மீன் மட்டும் கவனம். முதுகு முன்னாடி கறுப்பா ஒரு துடுப்பு, அதுலயும் செவுள் ஓரத்துலயும் விஷ முள்ளு. கையால தொடாம இடுக்கியால தூண்டில் முள்ளை எடுத்து விட்டுடுங்க. குத்திடுச்சுன்னா பொறுக்கிற சூட்டுல வெந்நியில கையை அரை மணி நேரமாவது முக்கி வைக்கணும், அந்த விஷம் சூட்டுக்கு அடங்கும். வெந்நி ஃபிளாஸ்க் டீக்கு மட்டும் இல்ல.

எந்த அளவுக்கு கீழ விட்டுடணும்?

சீ பாஸ் 42 சென்டிமீட்டர், இது கண்டிப்பு. ஒரு நாளைக்கு எத்தனை வச்சுக்கலாம்ங்கறதை அரசாங்கம் அப்பப்ப மாத்துது, கிளம்புறதுக்கு முன்னாடி அவங்க வெப்சைட்ல ஒரு தடவை பாத்துடுங்க. வைட்டிங்கும் பிளேஸும் (இன்னொரு தட்டை மீன்) 27, காட் 35. பெட்டி மூடியிலயே ஸ்கேல் ஒட்டி வச்சா வசதி. விடுறதா இருந்தா கையை கடல் தண்ணியில நனைச்சுட்டுப் பிடிங்க, காஞ்ச கை மீனோட வழவழப்பை உரிச்சிடும். பிடிச்சதை விக்கிறதுக்கு அனுமதி கிடையாது, அது லைசென்ஸ் வாங்கின படகுக்காரங்க வேலை.

டாக்ஃபிஷ் நிறைய வருது, எல்லாரும் திட்டிக்கிட்டே தூக்கிப் போடுறாங்க, அதை சாப்பிடலாமா?

அது குட்டி சுறா. நமக்கு சுறான்னா என்ன ஞாபகம் வரும்? புட்டு. ஆனா ரெண்டு விஷயம். பிடிச்ச உடனே குடலை எடுத்து ரத்தத்தை வடிச்சிடணும், நாளைக்கு பாத்துக்கலாம்னு விட்டா மூத்திர வாடை வந்துடும், எத்தனை பூண்டு போட்டாலும் போகாது. ரெண்டாவது தோல், மணல் பேப்பர் மாதிரி. கையில எடுக்கும்போது தலையையும் வாலையும் ஒரே கையில சேத்துப் பிடிக்கணும், இல்லன்னா மணிக்கட்டுல சுத்திக்கிட்டு திருகும், தோல் உரிஞ்சிடும். தோலோடயே கொதிக்கிற தண்ணியில ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்து சுரண்டினா வந்துடும், அப்புறம் உதிர்த்து மஞ்சள், வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், வழக்கமா செய்யற மாதிரிதான். ஒரு தடவை கரையில பக்கத்துல நின்ன ஆள் வேண்டாம்னு கொடுத்த ரெண்டையும் சேத்து வாங்கிட்டு வந்தேன், அவர் என்னைப் பாத்த பார்வை இருக்கே. அடுத்த வாரம் டப்பாவுல புட்டு கொண்டுபோய் கொடுத்தேன், மொத்தத்தையும் ஸ்பூனால வழிச்சுத் தின்னுட்டு இப்ப எனக்கு முன்னாடி அவரே எடுத்து வச்சுக்கறார்.

அந்த கல்லு ரொம்ப அழகா இருக்கு, நாலு எடுத்துட்டு வரலாமா?

செசில்ல கூடாது. அது பாதுகாக்கப்பட்ட இடம், கல்லை அள்ளிட்டுப் போறது சட்டப்படி தப்பு. ஸ்டாண்டுல தொங்கவிட்ட பையை மறக்காம அங்கயே கொட்டிட்டு வாங்க, நான் ஒரு தடவை அப்படியே கார்ல தூக்கிப் போட்டுட்டு வந்து வீட்டுல இறக்கும்போதுதான் பாத்தேன், அடுத்த ட்ரிப்ல மூணு கிலோ கல்லை திரும்ப கொண்டுபோய் போட்டுட்டு வந்தேன். பூட்ஸுக்குள்ள வர்ற ஒண்ணு ரெண்டுக்கு யாரும் கேக்கமாட்டாங்க, அது எப்படியும் வாஷிங் மெஷின்லதான் கிடைக்கும்.